பிரஷ்லெஸ் மோட்டாரைக் கணினியில் சுழற்றிப் பார்ப்பது: அளவெடுப்பதிலிருந்து டார்க் (திருப்புவிசை) வரை முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து பினாங்குத் தீவின் சுங்கை ஆராவில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். மடிக்கணினியைத் திறந்து சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு பிரஷ்லெஸ் மோட்டாரின் (கார்பன் பிரஷ் இல்லாமல், சர்க்யூட் போர்டு மின்னோட்டத்தை மாற்றி மாற்றிச் சுழற்றும் வகை) குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"காற்றிடைவெளி எவ்வளவு போட்டிருக்கே தம்பி?"

"அரை மில்லிமீட்டர் அண்ணே. நான் பார்த்த வீடியோவில அப்படித்தான் போட்டிருந்தாங்க."

"இந்த மோட்டார்ல எவ்வளவு இருக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை. காற்றிடைவெளி என்பது மோட்டாரின் சுழலும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளி. மோட்டாரைப் பையில்தான் வைத்திருந்தான். மேசையில் வைத்துத் திறந்து அளந்தோம். கால் மில்லிமீட்டர் இருந்தது. அந்தக் கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மட்டும் காற்றிடைவெளியின் காந்தப் புலம் ஏறக்குறைய 15 விழுக்காடு மாறிவிடும். அதை எப்படிக் கணக்கிட்டேன் என்று கீழே சொல்கிறேன். வண்ணப் படம் இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி அழகாகத்தான் வரும், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

அன்று இரவு வரை அவனோடு உட்கார்ந்து செய்ததைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியதிலிருந்து பினாங்கில் மின்னணுவியல் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மோட்டாரை ஓட்டும் சர்க்யூட் போர்டைக் கண்ணை மூடிக்கொண்டு வடிவமைக்கும் நம் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அந்த போர்டு ஓட்டுகிற மோட்டாருக்குள் காந்தப்பாயம் (காந்தக் கோடுகளின் ஓட்டம்) எந்த வழியாக ஓடுகிறது என்று கேட்டால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் போக வேண்டும் என்பதே என் ஆசை.

எந்த மென்பொருள்?

தொழிற்சாலைகளில் அன்சிஸ் மேக்ஸ்வெல், ஜேமேக், அல்டேர் ஃப்ளக்ஸ் போன்றவை ஓடும். அவற்றின் உரிமக் கட்டணம் மாணவருக்குக் கட்டுப்படியாகாது. கற்றுக்கொள்ள டேவிட் மீக்கர் எழுதி இலவசமாகத் தரும் ஃபெம் (FEMM) மென்பொருளே போதும். அதன் 4.2 பதிப்பு விண்டோஸில் நேராக ஓடும், லினக்ஸில் வைன் வழியாக ஓடும். அது இரு பரிமாணம் மட்டுமே கணக்கிடும். ஆனால் சுற்றிலும் காந்தம் பதித்த சாதாரண பிரஷ்லெஸ் மோட்டாருக்கு முக்கால்வாசி விடை இரு பரிமாணத்திலேயே கிடைத்துவிடும். லுவா நிரலால் அதை இயக்கலாம். பைத்தானிலிருந்தும் ஆக்டேவிலிருந்தும் இயக்க இணைப்புகள் உண்டு.

உள்ளே நடப்பது இதுதான். வரைந்த படத்தை மென்பொருள் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாக வெட்டுகிறது, இதைத்தான் வலை என்கிறோம். ஒவ்வொரு முக்கோணத்திலும் காந்த வெக்டர் பொட்டென்ஷியல் (காந்தப் புலத்தைக் கணக்கிட உதவும் ஒரு கணித அளவு) எளிய நேர்கோட்டு முறையில் மாறுவதாகக் கொண்டு, எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்க்கிறது. இரும்பு ஓர் அளவுக்கு மேல் காந்தப்பாயத்தை எளிதில் ஏற்காமல் செறிவடைவதால் விடை நிலைக்கும் வரை திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டியிருக்கும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சில்வெஸ்டரும் சாரியும் 1970இல் செறிவடையும் இரும்புக்கு இந்த முறையைப் பயன்படுத்திக் காட்டினார்கள். மின் இயந்திர வடிவமைப்புக்குள் ஃபைனைட் எலிமெண்ட் முறை நுழைந்தது அதன் வழியாகத்தான்.

முதல் படி: மோட்டாரைத் திறந்து அளவெடுங்கள்

தம்பி கொண்டுவந்தது டிரோன்களில் பரவலாக இருக்கும் 2212 வகை. அந்த எண்ணுக்கு ஸ்டேட்டரின் விட்டம் 22 மில்லிமீட்டர், உயரம் 12 மில்லிமீட்டர் என்று பொருள். காந்தங்கள் ஒட்டிய வெளிப்புறக் கிண்ணம் (ரோட்டர்) சுழலும், உள்ளே சுருள் சுற்றிய பற்கள் கொண்ட இரும்பு (ஸ்டேட்டர்) நிலையாக நிற்கும்.

தண்டின் அடியில் ஒரு சின்னஞ்சிறு வளைய கிளிப் இருக்கும். கழற்றும்போது துணியால் மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பறந்து எங்கோ விழுந்துவிடும். கிண்ணத்தை இழுத்தால் காந்த ஈர்ப்போடு மெல்லப் பிரிந்து வரும். உள்ளே அளக்க எஃகு வெர்னியரைக் கொண்டு போனால் காந்தம் அதன் தாடையை இழுத்துப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும், அளவு தப்பும். பத்து ரிங்கிட் பிளாஸ்டிக் வெர்னியர் இந்த வேலைக்கு நல்லது. எதிரெதிர் காந்தங்களுக்கு இடையிலான விட்டத்தை நாலைந்து இடத்தில் எடுத்துச் சராசரி காணுங்கள். அதிலிருந்து ஸ்டேட்டர் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் காற்றிடைவெளி கிடைக்கும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட அளவுகள்: ஸ்டேட்டர் ஆரம் 11, காற்றிடைவெளி 0.25, காந்தத் தடிமன் 1.2, கிண்ணத்தின் இரும்பு வளையம் 1.3, பல்லின் தண்டு அகலம் 2.5, எல்லாம் மில்லிமீட்டரில். பல் 12, காந்தம் 14. காந்தத்தின் அகலம் ஒரு துருவத்துக்குரிய வட்டப் பகுதியில் 85 விழுக்காடு. ஒரு பல்லில் 8 சுற்று, ஸ்டார் இணைப்பு (ஃபேஸ் எனப்படும் மூன்று சுருள் தொகுதிகளின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்தது). தம்பியே மறுசுற்று செய்த மோட்டார் என்பதால் சுற்று எண்ணிக்கையை நம்பலாம். கடையில் வாங்கிய மோட்டாரில் சுற்றை எண்ண முடியாது. அதற்கு வழி ஏழாம் படியில் வரும்.

கிண்ணத்தின் வெளிப்புறத்தில் ஒரு குண்டூசியை வைத்தும் பார்த்துவிடுங்கள். ஊசி அழுத்தமாக ஒட்டினால் வளையம் செறிவடைந்து காந்தப்பாயம் வெளியே கசிகிறது என்று பொருள். இந்தக் குறிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினி விடையோடு ஒப்பிட உதவும்.

இரண்டாம் படி: காகிதத்தில் கணக்கு

மென்பொருளைத் திறக்குமுன் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பின்னால் வரும் விடை சரியா தப்பா என்று சொல்ல அளவுகோலே இருக்காது.

காந்தம் என்40 தர நியோடிமியம், எஞ்சிய புலம் (காந்தம் தன்னுள் வைத்திருக்கும் புலம்) 1.25 டெஸ்லா, சார்பு ஊடுருவுமை 1.05 என்று வையுங்கள். காற்றிடைவெளிப் புலம் = எஞ்சிய புலம் × காந்தத் தடிமன் ÷ (காந்தத் தடிமன் + 1.05 × இடைவெளி). அதாவது 1.25 × 1.2 ÷ 1.4625 = 1.03 டெஸ்லா. இடைவெளியை 0.5 என்று போட்டால் 0.87 வரும். நான் சொன்ன 15 விழுக்காடு இதுதான்.

அடுத்து வளையம். இடைவெளியின் நடு ஆரம் 11.125. சுற்றளவை 14ஆல் வகுத்தால் ஒரு துருவத்துக்கு 5 மில்லிமீட்டர். காந்தத்தின் அகலம் 4.25. ஒரு காந்தத்தின் பாயம் வளையத்தில் இரண்டாகப் பிரிந்து இரு பக்கத்துக்காரர்களிடம் போகும். ஆகவே வளையத்தில் 1.03 × 4.25 ÷ 2 ÷ 1.3 = 1.68 டெஸ்லா. வளையம் 1 மில்லிமீட்டராக இருந்தால் 2.2 டெஸ்லா வரும். அவ்வளவு தாங்காது, கசியும். பல்லின் தண்டில் 1.03 × 4.25 ÷ 2.5 = 1.75 டெஸ்லா. சிலிக்கான் எஃகுக்கு இது செறிவின் வாசல். மோட்டாரின் எந்த இடம் நெருக்கடியில் இருக்கிறது என்று இப்போதே தெரிந்துவிட்டது.

கடைசியாகப் பாய இணைப்பு, அதாவது ஒரு ஃபேஸின் எல்லாச் சுற்றுகளையும் கடக்கும் மொத்தக் காந்தப்பாயம். சதுர வடிவப் புலத்தின் அடிப்படை அலை = 1.273 × 1.03 × சைன் 76.5 பாகை = 1.27 டெஸ்லா. 12 பல் 14 துருவ அமைப்பின் சுருள் காரணி 0.933. ஒரு ஃபேஸுக்கு 4 பல், 32 சுற்று. பாய இணைப்பு = 32 × 0.933 × 2 × 1.27 × 0.011125 × 0.012 ÷ 7 (14 துருவம் என்றால் 7 துருவ ஜோடி). இது 1.45 மில்லிவெபர் வரும்.

இந்தக் கணக்கில் கசிவும், காடி (இரு பற்களுக்கு நடுவில் சுருள் உட்காரும் பள்ளம்) வாயும், செறிவும் சேரவில்லை. ஆகவே இது உச்ச வரம்பு. கணினி விடை இதற்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். மேலே போனாலும் தப்பு, பாதியாக விழுந்தாலும் தப்பு.

மூன்றாம் படி: சிக்கலை வரையறுத்து வரைவது

புதிய காந்தவியல் சிக்கலைத் திறந்ததும் முதல் அமைப்புப் பெட்டியில் நான்கைச் சரிபாருங்கள். வகை சமதளம், அலகு மில்லிமீட்டர், அதிர்வெண் 0, ஆழம் 12. ஆழத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். அது 1 என்றே கிடக்கும். மாற்ற மறந்தால் புலம் சரியாக வரும், வண்ணம் சரியாக வரும், டார்க்கும் பாய இணைப்பும் மட்டும் பன்னிரண்டில் ஒன்றாக வரும்.

படத்தை ஆட்டோகேடில் வரைந்து டிஎக்ஸ்எஃப் கோப்பாக இறக்கலாம். நான் ஒரு பல்லையும் ஒரு காந்தத்தையும் மட்டும் வரைந்து, வட்டமாக 12 முறையும் 14 முறையும் நகலெடுப்பேன். அளவு மாற்றும்போது அது சுலபம். பல்லின் மூலையில் இருக்கும் 0.1 மில்லிமீட்டர் வளைவையெல்லாம் வரைய வேண்டாம், வலை தேவையில்லாமல் நெருக்கமாகும். காடி வாயின் அகலத்தையும் பல் தலையின் தடிமனையும் மட்டும் துல்லியமாக வரையுங்கள். நடுவில் உள்ள அலுமினியக் குழாயைக் காற்றாகவே கொள்ளலாம், எஃகுத் தண்டை விட்டுவிட்டாலும் விடை அசையாது.

12 பல் 14 துருவ அமைப்பில் பாதி வட்டம் போதும். பாதியில் 7 துருவம், ஒற்றைப்படை என்பதால் எதிர்ச்சுழல் எல்லை நிபந்தனை (ஒரு வெட்டு விளிம்பின் மதிப்பு மறு விளிம்பில் எதிர்க்குறியோடு வரும்) போட வேண்டும். ஆனால் முதல் முறை முழு வட்டமே வரையுங்கள் என்பேன். இவ்வளவு சின்ன மோட்டாரை முழுதாகத் தீர்க்கச் சில வினாடிதான் ஆகும். பாதி வட்டத்தில் பாய இணைப்பை இரண்டால் பெருக்க மறப்பது, எதிர்ச்சுழலுக்குப் பதில் சாதாரணச் சுழல் நிபந்தனை போடுவது என்று இரண்டு பள்ளங்கள் காத்திருக்கின்றன. அனுபவம் வந்த பிறகு பாதிக்கு மாறுங்கள்.

நான்காம் படி: பொருள்களும் காந்தத் திசையும்

ஸ்டேட்டருக்கு நூலகத்திலிருந்து எம்-19 எஃகை எடுங்கள். தகடுகளுக்கு இடையே பூச்சு இருப்பதால் அடுக்கு நிரப்பு விகிதத்தை 0.95 ஆக வையுங்கள். கிண்ண வளையத்துக்கு 1010 எஃகு பொருந்தும். காந்தத்துக்கு நெருங்கிய தரத்தை எடுத்து, ஊடுருவுமை 1.05, கோயர்சிவிட்டி (காந்தத்தின் புலத்தை இல்லாமலாக்கும் எதிர்ப்புலம்) மீட்டருக்கு 947000 ஆம்பியர் என்று திருத்துங்கள். 1.25 டெஸ்லாவை, 1.05 × வெற்றிடத்தின் ஊடுருவுமை என்ற முழு ஊடுருவுமையால் வகுத்த எண் அது.

காந்தத் திசை பொறுமை கேட்கும் வேலை. டிரோன் மோட்டார்களில் பெரும்பாலும் தட்டைக் காந்தங்கள், தடிமன் திசையில் ஒரே நேர்கோட்டில் காந்தமேற்றியவை. ஒவ்வொன்றுக்கும் அதன் நடுக்கோட்டுக் கோணத்தைத் திசையாகக் கொடுங்கள், ஒன்றுவிட்டு ஒன்றுக்கு 180 பாகை கூட்டுங்கள். 14 காந்தத்துக்கும் கோணங்களை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துப் போடுங்கள். ஒன்று மட்டும் தலைகீழாகப் போனால் விடை "கொஞ்சம் குறைவாக" வரும், அவ்வளவுதான். தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

ஐந்தாம் படி: சுருள்

ஏ, பி, சி என்று ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று சர்க்யூட் உருவாக்குங்கள், மூன்றும் தொடர் இணைப்பு. ஒவ்வொரு காடியையும் நடுவில் ஒரு கோட்டால் பிரியுங்கள், இடப்பாதி ஒரு பல்லின் சுருளுக்கு, வலப்பாதி அடுத்த பல்லுக்கு. பல்லின் ஒரு பக்கத்தில் +8, மறுபக்கத்தில் −8.

12 பல்லுக்கான வரிசை (வலம் என்றால் வலஞ்சுழிச் சுற்று, இடம் என்றால் அதற்கு எதிர், + − குறிகள் மாறும்): ஏ வலம், ஏ இடம், பி இடம், பி வலம், சி வலம், சி இடம், ஏ இடம், ஏ வலம், பி வலம், பி இடம், சி இடம், சி வலம். இரண்டாம் பாதி முதல் பாதியின் நேர் எதிர். இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. காந்தங்களுக்குப் பதில் காற்று என்று தற்காலிகமாக மாற்றி, ஏ ஃபேஸில் மட்டும் 10 ஆம்பியர் ஓட்டிப் பாருங்கள். பாயம் பெரும்பாலும் நான்கு ஏ பற்களிலேயே ஓட வேண்டும். அடுத்தடுத்த இரண்டில் ஒன்றில் வெளிநோக்கி, மற்றதில் உள்நோக்கி.

ஆறாம் படி: எல்லையும் வலையும், குறிப்பாகக் காற்றிடைவெளி

கிண்ணத்துக்கு வெளியே காற்று வட்டம் ஒன்று வேண்டும், விளிம்பில் வெக்டர் பொட்டென்ஷியல் 0 என்ற நிபந்தனையோடு. கிண்ணத்தின் விளிம்பிலேயே அந்த நிபந்தனையைப் போட்டால் கசிவே இல்லாததுபோல் ஆகிவிடும், நம் குண்டூசியோ கசிவு உண்டு என்று சொல்கிறது. கிண்ணத்தின் ஆரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு வட்டம் போடுங்கள், அல்லது மென்பொருளிலேயே உள்ள திறந்த எல்லைக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

மோட்டாரின் டார்க் முழுக்க அந்தக் கால் மில்லிமீட்டர் காற்றிலிருந்துதான் கணக்காகிறது. அங்கே வலை கரடுமுரடாக இருந்தால் மற்ற எல்லா இடத்தின் துல்லியமும் வீண். இடைவெளியை மூன்று அடுக்காகப் பிரியுங்கள். 11.08, 11.17 ஆரங்களில் இரண்டு வட்டம். உள் அடுக்கும் வெளி அடுக்கும் சாதாரணக் காற்று. நடு அடுக்குக்கு வலை வேண்டாம் என்று குறித்து, இரண்டு வட்டங்களுக்கும் காற்றிடைவெளி எல்லை என்ற சிறப்பு நிபந்தனையை ஒரே பெயரில் கொடுங்கள். இதன் பயன் பெரிது. ரோட்டரைச் சுழற்ற மறுபடி வரைய வேண்டாம், அந்த நிபந்தனையில் உள்ள கோணத்தை மாற்றினால் போதும். நம் மோட்டாரில் வெளிப்பகுதி சுழல்வதால் வெளிக் கோணத்தை மாற்ற வேண்டும். ஒவ்வொரு கோணத்துக்கும் வலை மாறாமல் இருப்பதால் டார்க் வரைகோட்டில் பொய்யான நடுக்கம் வராது.

வட்ட வளைவுகளின் அதிகபட்சத் துண்டுக் கோணத்தை அரைப் பாகையாக வையுங்கள். அது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அடுக்கின் தடிமனுக்குப் பொருந்துகிறது. பிறகு அதைக் கால் பாகையாக்கி மறுபடி தீர்த்துப் பாருங்கள். விடை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக மாறினால் வலை போதும்.

ஏழாம் படி: மின்னோட்டம் இல்லாத ஓட்டம், அதன் பிறகு ட்ரில்

எல்லாச் சர்க்யூட்டிலும் 0 ஆம்பியர் வைத்துத் தீர்த்துப் பாருங்கள். பாயக் கோடுகள் ஒவ்வொரு காந்தத்திலிருந்தும் இரு பக்கமும் பிரிகின்றனவா? 14 துருவமும் தெரிகின்றனவா? பல்லிலும் வளையத்திலும் உள்ள டெஸ்லா காகிதக் கணக்கை ஒட்டி இருக்கிறதா? இவை மூன்றும் சரியானால் மட்டும் மேலே போங்கள்.

இப்போது நிரல். ரோட்டர் ஒரு மின்சுழற்சிக்கு 360 ÷ 7 = 51.43 பாகை சுழல வேண்டும். அதை 60 படியாகப் பிரித்தால் படிக்கு 0.857 பாகை. ஒவ்வொரு படியிலும் வெளிக் கோணத்தை மாற்றி, தீர்த்து, மூன்று சர்க்யூட்டின் பாய இணைப்பையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து வரி லுவா போதும். வரும் மூன்று அலைகளும் ஒன்றுக்கொன்று 120 மின்பாகை தள்ளி, ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் சுருள் வரிசையில் தவறு. பாய இணைப்பு கோணத்தோடு மாறும் வீதத்தைக் கோண வேகத்தால் பெருக்கினால் அதுதான் பேக் இ.எம்.எஃப், அதாவது மோட்டார் சுழலும்போது சுருளில் தானாக எழும் மின்னழுத்தம்.

இங்கே நிறுத்திவிட்டு உண்மையான மோட்டாரிடம் போங்கள். இந்த ஒரு சோதனைக்காகத்தான் முந்தைய ஆறு படியும் என்றே சொல்வேன். மோட்டாரின் அடிப்பாகத்தை ஒரு பலகையில் திருகி இறுக்குங்கள். தண்டை ட்ரில்லில் பிடித்துச் சுழற்றுங்கள். மூன்று கம்பியில் ஏதாவது இரண்டை ஆசிலோஸ்கோப்பில் மாட்டுங்கள். வேகமானி தேவையில்லை. அலையின் அதிர்வெண்ணை 60ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் நிமிடச் சுழற்சி வந்துவிடும். 140 ஹெர்ட்ஸ் என்றால் 1200 சுழற்சி.

உச்ச மின்னழுத்தத்தை 1.732 × 6.283 × அதிர்வெண்ணால் வகுத்தால் பாய இணைப்பு கிடைக்கும். நம் காகித வரம்பான 1.45 மில்லிவெபருக்கு 140 ஹெர்ட்ஸில் உச்சம் 2.2 வோல்ட் வர வேண்டும். திரையில் அதற்குக் கீழேதான் வரும். எவ்வளவு கீழே என்பதைக் கணினி முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். சுற்று எண்ணிக்கை தெரியாத மோட்டாரில், ஒரு சுற்றுக்கான கணினி விடையை வைத்து அளந்த விடையை வகுத்தால் சுற்று எண்ணிக்கை முழு எண்ணுக்கு அருகில் வந்து நிற்கும். டெல்டா இணைப்பாக இருந்தால் 1.732 என்ற காரணியை விட்டுவிடுங்கள்.

கணினியும் ஆசிலோஸ்கோப்பும் ஐந்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போனால் எனக்குத் திருப்தி. பத்துக்கு மேல் விலகினால் முதலில் காற்றிடைவெளியை மறுபடி அளப்பேன், பிறகு காந்தத் தரத்தைச் சந்தேகிப்பேன். கடைசியாகத்தான் மென்பொருள்.

எட்டாம் படி: டார்க்

பாய இணைப்பு ஏ ஃபேஸில் உச்சமாகும் ரோட்டர் கோணத்தை முந்தைய கோப்பில் தேடுங்கள். அதை மின்கோணம் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ரோட்டர் நகர நகர ஏ ஃபேஸுக்கு −உச்சம் × சைன் கோணம், பி ஃபேஸுக்கு அதே சைன் 120 பாகை பின்தள்ளி, சி ஃபேஸுக்கு 120 பாகை முன்தள்ளி மின்னோட்டம் கொடுங்கள். பி ஃபேஸின் உச்சம் ஏ-க்கு 120 பாகை கழித்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். 240 கழித்து வந்தால் பி, சி இரண்டையும் இடமாற்றுங்கள்.

சராசரி டார்க் = 1.5 × 7 × பாய இணைப்பு × உச்ச மின்னோட்டம். காகித வரம்புக்கு 10 ஆம்பியரில் 0.15 நியூட்டன் மீட்டர். கணினியில் காற்றிடைவெளித் தொகையீட்டிலிருந்து வரும் சராசரி, நீங்கள் ஏழாம் படியில் பெற்ற பாய இணைப்பை இந்தச் சூத்திரத்தில் போட்டால் வருவதோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டும் வெவ்வேறு வழியில் வந்த எண்கள் என்பதால் இது நல்ல சோதனை. பிறகு 20, 30, 40 ஆம்பியர் என்று ஏற்றுங்கள். கோடு எங்கே வளையத் தொடங்குகிறதோ அங்கே பல் செறிவடைகிறது. மலிவான கன்ட்ரோலர்கள் சைன் அலைக்குப் பதில் ஆறு படிச் சதுர அலை கொடுக்கும். அதையும் அதே நிரலில் இரண்டு ஃபேஸில் மட்டும் மின்னோட்டம் வைத்து ஓட்டிப் பார்க்கலாம், டார்க் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

காகிங் டார்க் (மின்னோட்டம் இல்லாமலே காந்தங்கள் பற்களை இழுப்பதால் கையில் தட்டுப்படும் டார்க்) பற்றி ஒரு வார்த்தை. 12க்கும் 14க்கும் மீச்சிறு பொது மடங்கு 84, ஆகவே அது 4.29 பாகைக்கு ஒருமுறை திரும்பும். 12 பல் 8 துருவத்தில் அது 24தான், அலை பெரிதாக இருக்கும். கணினியில் நம் மோட்டாரின் காகிங் மிகச் சிறியதாக வரும், கையால் சுழற்றினால் அதைவிட அதிகமாகத் தட்டுப்படும். காந்தங்களைப் பசை போட்டு ஒட்டும்போது ஏற்படும் சிறு விலகலும் கிண்ணத்தின் மையப் பிழையும் படத்தில் இல்லாததே காரணம். ஒரு காந்தத்தை மட்டும் அரைப் பாகை நகர்த்தி மறுபடி தீர்த்துப் பாருங்கள். உற்பத்தித் தளத்தில் ஏன் அந்த அளவுக்குப் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று புரியும்.

ஒன்பதாம் படி: சூடு

இதில் எனக்கு அடி விழுந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மோட்டாருக்கான டார்க் அறிக்கையை 20 பாகை செல்சியஸ் காந்த எண்களை வைத்தே கொடுத்தேன். மூடிய பெட்டிக்குள் அந்த மோட்டார் வேலை செய்தபோது டார்க் குறைந்தது, காரணம் தேடி இரண்டு வாரம் போனது. நம் ஊரில் வெளிக்காற்றே 32 பாகை. சுருளுக்குள் 100 பாகை வருவது சாதாரணம்.

நியோடிமியக் காந்தத்தின் எஞ்சிய புலம் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.12 விழுக்காடு குறையும். 20இலிருந்து 100க்குப் போனால் 1.25 என்பது 1.13 டெஸ்லா ஆகும். செம்பின் மின்தடை அதே ஏற்றத்தில் 31 விழுக்காடு கூடும். ஆகவே அதே டார்க்குக்கு மின்னோட்டமும் கூடும், தடையும் கூடும், சூடு இன்னும் ஏறும். சாதாரண என்40 காந்தம் 80 பாகைக்கு மேல் நிரந்தரமாகவே காந்தத்தை இழக்கத் தொடங்கலாம். எச் தரம் 120, எஸ்எச் 150, யூஎச் 180 வரை தாங்கும். சூடான எண்களைப் போட்டு, உச்ச மின்னோட்டத்தில் தீர்த்து, காந்தத்தின் மூலைகளில் காந்தமேற்றிய திசைக்கு எதிரான புலம் எவ்வளவு என்று பாருங்கள். நடுவில் பார்த்தால் போதாது, இழப்பு மூலையில்தான் ஆரம்பிக்கும்.

இரும்பு இழப்பை இந்த நிலையான தீர்வு நேரடியாகச் சொல்லாது. 6000 சுழற்சியில் நம் மோட்டாரின் மின் அதிர்வெண் 700 ஹெர்ட்ஸ், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் போல 14 மடங்கு. அதனால்தான் 0.2 மில்லிமீட்டர் தகடு தேடுகிறார்கள். 60 படியிலும் ஒவ்வொரு முக்கோணத்தின் புலத்தையும் சேமித்து, தகடு உற்பத்தியாளர் தரும் இழப்பு வரைபடத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். முதல் முயற்சிக்கு இது தேவையில்லை. சுமையில்லாமல் ஓட்டி மின்னோட்டத்தை அளப்பது இப்போதைக்கு நேர்மையான வழி.

இரு பரிமாணத்துக்கு அப்பால்

தம்பியின் மோட்டாரில் காந்தங்கள் 14 மில்லிமீட்டர் நீளம், ஸ்டேட்டர் 12. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கொஞ்சம் பாயத்தை உள்ளே அனுப்பும், அதை ஃபெம் பார்க்காது. சுருள் பல்லைச் சுற்றி வளையும் முனைப் பகுதியின் செம்புத் தடையையும் மின்தூண்டலையும் பார்க்காது. இவ்வளவு குட்டையான மோட்டாரில் முனைச் செம்பு உள்ளே இருக்கும் செம்பு அளவுக்கே வந்துவிடும். ஆகவே தடையைக் கணினியில் தேடாமல், 1 ஆம்பியர் ஓட்டி மில்லிவோல்ட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காந்த நீட்சிக்கு, அளந்த பாய இணைப்பைக் கணினி விடையால் வகுத்து ஒரு திருத்தக் காரணி வைத்துக்கொள்ளலாம். அதே குடும்பத்தில் அடுத்த மோட்டாரை வடிவமைக்கும்போது அது கைகொடுக்கும். முப்பரிமாணம் கட்டாயம் என்றால் பின்லாந்தின் எல்மர் இலவசம், ஆனால் கற்க வாரக்கணக்கில் ஆகும்.

அன்று இரவு ஒன்பதரைக்குத் தம்பியின் முதல் பாய இணைப்பு வரைகோடு திரையில் வந்தது. மூன்று அலையில் சி மட்டும் குட்டை. வரிசையைத் திரும்பப் படித்தான், பதினோராம் பல்லில் இடத்துக்குப் பதில் வலம் போட்டிருந்தான். திருத்தியதும் மூன்றும் ஒரே உயரத்துக்கு வந்தன, காகித வரம்புக்குக் கீழே. "அண்ணே, திங்கட்கிழமை லேப்ல ஆசிலோஸ்கோப் கேட்டு வாங்கிடுறேன்" என்று பிளாஸ்டிக் வெர்னியரையும் என்னிடம் இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினான்.